மெட்டியைக் கழற்றிட்டு வாங்கக்கா

தஞ்சாவூரில் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பதினேழு வருடம் ஆகிறது. தெருமுனைக் கல்யாண மண்டபத்தில் கராத்தே வகுப்பு நடத்தும் மாஸ்டர், பிள்ளைகளின் பேன்ட்டுக்குக் கால் மடித்துத் தைக்க என்னிடம்தான் கொடுப்பார். ஒருநாள் துணிமூட்டையைக் கொடுக்கப் போனபோது கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நாள் முழுக்கக் குனிஞ்சே தைச்சா வேற என்ன ஆகும்? நாளைலருந்து நீங்களும் வாங்கக்கா" என்றார். 41 வயதில் கராத்தேயா என்று சிரித்துவிட்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்துப் போய் நின்றேன்.

முதல் பாடம் மெட்டி. வெறுங்காலில் திரும்பும்போது தரையில் மாட்டும், பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் காலைக் கீறும், கழற்றிவிட்டு வரச் சொன்னார். மாமியார் முகம் சுருங்கியது. கடைசியில் மெட்டிமேல் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு போவது என்று சமாதானம் ஆனது. வளையலும் நீள நகமும் கூடாது.

அடுத்தது உடுப்பு. இடது பக்கத் துணி மேலே, வலது உள்ளே. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரிதான். பெண்கள் சட்டைக்கு நாங்கள் வைப்பது இதற்கு நேரெதிர். கைப்பழக்கத்தில் மாற்றிக் கட்டிக்கொண்டு போனேன். மாஸ்டர் பதறிவிட்டார். ஜப்பானில் இறந்தவர்களுக்குத்தான் அப்படி உடுத்துவார்களாம்!

நாங்கள் பழகுவது ஷோட்டோகான் என்ற கராத்தே பாணி. ஜப்பானின் தெற்கே உள்ள ஒகினாவா தீவில் பள்ளி ஆசிரியராக இருந்த கிச்சின் ஃபுனகோஷி, 1922-இல் டோக்கியோவுக்குப் போய்க் கராத்தேயைச் செய்து காட்டினார். அவர் வழி வந்தது இது. வெள்ளை உடுப்பும் பெல்ட்டும் ஜூடோவிலிருந்து எடுத்துக்கொண்டவை.

உதைப்போம், ஓடு உடைப்போம் என்று நினைத்துப் போனவளுக்கு முதல் மாதம் முழுக்க நிற்கத்தான் கற்றுக்கொடுத்தார். ஸென்குட்ஸு தாச்சி என்று பெயர். முன்கால் மடங்கி, பின்கால் நீண்டு, இடுப்பு தாழ்ந்து நிற்க வேண்டும். என்னுடையது மோட்டார் மெஷின், மிதிப்பதெல்லாம் வலது கால்தான். இடது காலை முன்னால் வைத்தால் தொடை வெடவெடவென்று ஆடியது. இத்தனை வருடம் பாதி உடம்பை வைத்தே பிழைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. முட்டி, கால் விரல் பார்க்கும் திசையைத்தான் பார்க்க வேண்டும், உள்ளே சாயக்கூடாது. மாஸ்டர் நாலு முறை சொல்லியும் கேட்காமல் ஒரு வாரம் நொண்டினேன்.

குத்தும் அப்படித்தான். பெருவிரலை உள்ளே வைத்து மூடினால் அது உடையும், வெளியே இருக்க வேண்டும். ஒரு கை முன்னே போகும்போது மற்றது இடுப்புக்கு இழுபட வேண்டும். அந்த இழுப்பில்தான் என் கூன் தோள் கொஞ்சம் பின்னால் போயிருக்கிறது. கழுத்து வலி முழுதாகப் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது பிளவுஸ் வெட்டும்போதுகூட இடுப்பு எங்கே இருக்கிறது என்று உடம்பு கவனிக்கிறது. ராத்திரி படுத்ததும் தூக்கம் வருகிறது. அடிக்கும்போது போட வேண்டிய கத்தலுக்குக் கியாய் என்று பெயர், அதற்குத்தான் வெட்கம். என் முதல் கத்தல் கோழி மிதிபட்ட மாதிரி இருந்தது, பிள்ளைகள் இன்னும் செய்து காட்டுகிறார்கள்.

தற்காப்பா? மூன்று மாதம் பழகிவிட்டு யாரையும் அடித்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். கராத்தேயில் முதல் அடி கிடையாது என்பது ஃபுனகோஷி சொல்லிவைத்தது. நாங்கள் பழகும் ஹெய்யான் ஷோதான் என்ற கத்தாவும் (வரிசை மாறாமல் தனியாகச் செய்து காட்டும் அசைவுகள்) தடுப்பில்தான் தொடங்குகிறது. மொத்தம் 21 அசைவு. சரியாகச் செய்தால் தொடங்கின இடத்திலேயே வந்து முடியும்.

மஞ்சள் பெல்ட் தேர்வுக்கு முந்தின நாள் மொட்டைமாடியில் துணிக்குக் குறி போடும் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்து, அதன்மேல் நின்று தொடங்கினேன். முடித்தபோது கோடு இரண்டு முழம் தள்ளிக் கிடந்தது. இப்போது ஒரு முழத்துக்கு வந்திருக்கிறேன்.