கச்சான் காற்றில் பனி வகுப்பு

2020 ஜூன் 7, ஞாயிறு

பனிச்சறுக்குப் பயிற்றுநர் வகுப்பு இன்று தொடங்கிவிட்டது. எங்கள் வீட்டில் மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் சிக்னல் நிற்கும். அங்கே நாற்காலியைப் போட்டு, தலையில் ஈரத் துண்டோடு உட்கார்ந்தேன். கீழே தெருவில் கருவாடு காய்கிறது, கச்சான் அடிக்கிறது. போனில் பனிச்சரிவில் எப்படித் திரும்புவது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக: எனக்கு ஊர் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம். கோடையில் பாம்பன் பக்கம், பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் கடல்மேல் ஓடும் கைட்போர்டிங் கற்றுக்கொடுப்பேன். டிசம்பரில் இருந்து மார்ச் வரை காஷ்மீரில், குல்மார்கில், இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டிப் பனியில் சறுக்கும் ஸ்னோபோர்டு வகுப்புகளில் உதவிப் பயிற்றுநர். நாலு குளிர்காலம் ஆகிவிட்டது. இந்த மார்ச் 7 முதல் 11 வரை அங்கே முதல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் நடந்தபோது சரிவில் கொடி நட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த பத்து நாளுக்குள் கொரோனாவால் எல்லாவற்றையும் மூடியாயிற்று. மக்கள் ஊரடங்குக்கு முந்தின நாள் மதுரையில் வந்து இறங்கினேன். கடைசி மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை.

முழுப் பயிற்றுநர் ஆவதற்கான பயிற்சி மார்ச் கடைசியில் பனியிலேயே நடந்திருக்க வேண்டியது. அதைப் போனில் நடத்தலாம் என்று மூத்தவர்கள் இரண்டு பேர் முடிவெடுத்தார்கள். ஒருவர் டெல்லியில் மாட்டிக்கொண்டவர், ஜூமில் வகுப்பு எடுக்கிறார். இன்னொருவர் எங்கள் உஸ்தாத், அதாவது ஆசான். அவர் இருப்பது குல்மார்குக்குக் கீழே தங்மர்கில். போன ஆகஸ்டில் காஷ்மீரில் நெட்டை நிறுத்தினார்கள். ஜனவரியில் திரும்பக் கொடுத்தபோது மொபைலில் 2ஜி மட்டும்தான். அதில் ஜூம் ஓடாது. அதனால் அவர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவார். நாங்கள் ஒன்பது பேரும் அதைக் கேட்டு, குரலிலேயே பதில் அனுப்ப வேண்டும். பனியில் செய்து காட்டும் தேர்வு அடுத்த சீசனில் நடக்கும். இப்போதைக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையை மட்டும் படிக்கிறோம்.

ஜூன் 18, வியாழன்

உஸ்தாத் கொடுத்த முதல் வேலை: "யாராவது ஒருவர் உடம்பால் செய்யும் வேலையை இருபது தடவை பார். என்ன தப்பு என்று சொல்லாதே. என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்."

அப்பா வடகடலில் வீச்சுவலை வீசிக்கொண்டிருந்தார். முட்டளவுத் தண்ணீர். முதல் பத்து வீச்சில் நான் வலையைத்தான் பார்த்தேன். அது தப்பு என்று புரிந்து, அப்புறம் காலைப் பார்த்தேன். வீசுவதற்கு முன் வலது காலில் பாரம் இறங்குகிறது. உடம்பு வலப்பக்கம் முறுக்கிக்கொள்கிறது. திரும்பி வரும்போது முதலில் இடுப்பு, பிறகு தோள், கடைசியில்தான் கை. வலை விரியும் நேரத்தில் முழுப் பாரமும் இடது காலின் முன்பாதத்துக்குப் போயிருக்கும், வலது குதிகால் மணலை விட்டு எழும்பியிருக்கும். இவ்வளவும் ஒரு மூச்சு விடுவதற்குள்.

பதினாறாவது வீச்சில் வலை வட்டமாக விரியவில்லை, சுரைக்காய் மாதிரி ஒரு பக்கம் நீண்டு விழுந்தது. கை பிசகிவிட்டது என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் வலது குதிகால் மணலில் புதைந்து நின்றதை நான் பார்த்தேன். குதிகால் எழும்பாததால் இடுப்பு திரும்பவில்லை. இடுப்பு செய்யாததைக் கை செய்யப் பார்த்திருக்கிறது. ஸ்னோபோர்டில் புதிதாக நிற்கிறவர்கள் கையை வீசுவார்கள். கையை அடக்கு, கையை அடக்கு என்று நாலு வருடமாக நானும் கத்தியிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேருக்குக் கோளாறு கணுக்காலில் இருந்ததோ.

அப்பாவிடம் சொன்னேன். "நாப்பது வருசமா வீசுறேன், குதிகாலை நான் பாத்ததே இல்லையேடா" என்றார்.

உஸ்தாதுக்கு எல்லாவற்றையும் விவரித்து அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது. "பார்த்தது நன்றாக இருக்கிறது. ஆனால் அவரிடம் ஏன் சொன்னாய்? அவர் கேட்டாரா?"

ஜூலை 5, ஞாயிறு

இந்த மாதம் ஞாயிறு எல்லாம் தளர்வில்லாத முழு ஊரடங்கு. தெருவில் ஈ காக்கை இல்லை.

இந்த வாரப் பாடம் தொடாமல் கற்பிப்பது. ஆஸ்திரியாவில் டிரோல் மலையில் இஷ்கில் என்று ஒரு பனிச்சறுக்கு ஊர். மார்ச்சில் அங்கே வந்துபோனவர்கள் வழியாக ஐரோப்பாவின் பல நாடுகளுக்கு நோய் போனது. சறுக்கி முடித்த பிறகு எல்லோரும் நெருக்கியடித்து நிற்கும் மதுக்கூடங்கள்தான் அங்கே பெரிய காரணமாகப் பேசப்பட்டன. திறந்த சரிவில் காற்று உண்டு, இடம் உண்டு. ஆனால் எங்கள் வேலையில் பாதி கையைப் பிடிப்பது. விழுந்தவரைத் தூக்குகிறோம், பயந்தவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நாங்கள் பின்னோக்கிச் சறுக்குகிறோம், பூட்ஸை மாட்டிவிடுகிறோம். இனி ஆறடி தள்ளி நின்று வாயால் மட்டும் இதையெல்லாம் செய்ய வேண்டும்.

பயிற்சி இதுதான்: விழுந்து கிடக்கும் ஒருவரைப் போனில் பேசியே எழுப்ப வேண்டும். அவர் நம் கண்ணில் படக் கூடாது.

அக்கா மகளுக்குப் பதினொரு வயது. எங்கள் கொல்லைக்குப் பின்னால் பனங்காட்டை ஒட்டிய மணல்மேட்டில் அவளைப் படுக்கவைத்து, மீன்பெட்டிப் பலகை இரண்டை வலைக்கயிற்றால் காலில் கட்டிவிட்டேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் வந்து போன் போட்டேன்.

"இடது பக்கமாத் திரும்பும்மா."

"எந்த இடது மாமா? நான் குப்புறக் கிடக்கேன்."

அங்கேயே தோற்றேன். குப்புறக் கிடக்கிற உடம்புக்கு இடது வலது விளங்காது. நாலைந்து தடவை முயன்றும் பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. "மாமா, மண்ணு வாய்க்குள்ள போயிருச்சு" என்றாள். ஒரு செம்பு தண்ணீர் குடிக்கவைத்து மறுபடி தொடங்கினோம்.

அப்போதுதான் எனக்கு மேடு, பள்ளம் என்று வாயில் வந்தது. "ரெண்டு காலையும் பள்ளத்துப் பக்கம் கொண்டு வா. பலகை ரெண்டும் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் குறுக்கே கிடக்கட்டும், படி மாதிரி. இப்ப முட்டிய மடக்கி, பலகைய உன் இடுப்புக்குக் கீழ இழு. மேட்டுப் பக்கத்துக் கைய ஊன்று. தள்ளு." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அக்கா கை தட்டுவது கேட்டது.

ஒன்பதாவது தடவையில் எழுந்தாள். பலகை குறுக்கே இல்லாமல் பள்ளத்தைப் பார்த்து இருந்தால் எழும்போதே வழுக்கிக்கொண்டு போகும். அதுதான் இதில் உயிர்நாடி, அதைச் சொல்ல எனக்கு எட்டு தோல்வி ஆனது. மேட்டுக்கால், பள்ளத்துக்கால் என்ற இரண்டு சொல்லையும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். போன குளிர்காலத்தில் கோயம்புத்தூரில் இருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு நான் தமிழன் என்று தெரிந்ததும் அவ்வளவு சந்தோஷம். ஆனால் பாடம் எடுக்கும்போது எனக்கு வாயில் வந்ததெல்லாம் இங்கிலீஷும் இந்தியும்தான். அந்தச் சின்னப் பையன் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

ஜூலை 23, வியாழன்

மலையில் பனி சரிந்து விழும் ஆபத்தைப் பற்றிய பாடம். மூன்று நாளாக இதிலேயே கிடக்கிறேன்.

பனி சரிந்து விழுவது பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்வுள்ள இடங்களில். அதற்குக் கீழே இழுக்கப் போதுமான சாய்வு இல்லை. அதைவிடச் செங்குத்தானால் பனி நிறையச் சேர்வதற்கு முன்பே உதிர்ந்துவிடும். போனில் சாய்வு அளக்கும் செயலி இருக்கிறது. அதை மணல்மேட்டில் வைத்துப் பார்த்தேன். காற்று வரும் முகத்தில் 12 டிகிரி. மறைவு முகத்தில் 33. அந்தப் பக்கம் விரலால் ஒரு கோடு கிழித்தாலே மணல் நாக்கு மாதிரி வழிகிறது.

முகட்டில் குப்புறப் படுத்து அரைமணி நேரம் பார்த்தேன். கச்சான் மணலை ஏறுமுகத்தில் உருட்டிக்கொண்டு வந்து, முகடு தாண்டியதும் மறைவுப் பக்கத்தில் போட்டுவிடுகிறது. அங்கே சேர்ந்து சேர்ந்து, தாங்க முடியாத நொடியில் ஒரு சாண் அகலத்துக்கு இறங்குகிறது. குல்மார்குக்கு மேலே அபர்வத் மலையில் நடப்பதும் இதுதான். கம்பியில் தொங்கிப் போகும் கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் ஏறக்குறைய 3,950 மீட்டரில் கொண்டுபோய் விடும். மேலே காற்று ஒரு முகத்துப் பனியை வாரி அடுத்த முகத்தில் குவிக்கும். வானம் பளிச்சென்று இருக்கும், பனியே பெய்திருக்காது, ஆனாலும் மறைவு முகத்தில் ஆபத்து ஏறிக்கொண்டே போகும். நாலு வருடம் அந்த மலையடியில் வேலை பார்த்தும் அதை நான் எங்கள் கொல்லையில்தான் கண்ணால் பார்த்தேன்.

உஸ்தாத் மட்டும் ஒரு திருத்தம் சொன்னார். "மணல் உனக்குப் பாதிதான் சொல்லும். பனி அடுக்கடுக்காகக் கிடக்கும். அடியில் ஒரு அடுக்கு பிடிப்பில்லாமல் இருந்தால், மேலே உள்ளது முழுப் பலகையாகக் கழன்று வரும். மணல் வழியும், பனி உடையும். இந்த வித்தியாசத்தை மாணவனுக்குச் சொல்லாமல் விட்டால் அவன் வழியும் என்று நம்பி நிற்பான்."

சாயங்காலம் தேடல் பயிற்சி. புதைந்தவரிடமும் தேடுகிறவரிடமும் 457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பிப் பிடிக்கும் கருவி இருக்க வேண்டும். அது எங்களிடம் இல்லை, அதனால் கம்பு குத்தித் தேடுவதும் தோண்டுவதும் மட்டும் செய்தோம். ஈர மணலில் ஒரு மீட்டர் ஆழத்தில் அரிசிச் சாக்கைப் புதைத்தான் தம்பி. நான், அவன், பக்கத்து வீட்டு அண்ணன், மூன்று பேர். 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருள் மாதிரி சுற்றிக் குத்திக்கொண்டே போக வேண்டும். சாக்கில் பட்டால் கைக்கே தெரிகிறது, மணலைவிட அது மெத்தென்று இருக்கும். பட்டதும் கம்பை உருவக் கூடாது. கம்புக்கு நேர்மேலே தோண்டாமல், பள்ளத்துப் பக்கம் தள்ளி நின்று உள்ளே தோண்டிக்கொண்டு போக வேண்டும். எங்களுக்கு 19 நிமிடம் ஆனது. புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 15 நிமிடத்துக்குப் பிறகு மளமளவென்று குறைகிறது. அண்ணன் விளையாட்டாகத்தான் வந்தார், இதைச் சொன்னதும் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. இருட்டும்வரை இன்னும் மூன்று தடவை செய்தோம். கடைசியில் 11 நிமிடம்.

ஆகஸ்ட் 17, திங்கள்

நேற்று ராத்திரி ஜம்மு காஷ்மீரில் கந்தர்பல், உதம்பூர் இரண்டு மாவட்டங்களுக்கு மட்டும் 4ஜி கொடுத்திருக்கிறார்கள். தங்மர்க் இருப்பது பாரமுல்லாவில். உஸ்தாத் குரலில்தான் தொடருவார்.

செப்டம்பர் 9, புதன்

போர்டை இன்றுதான் உறையைப் பிரித்து வெளியே எடுத்தேன், நெஞ்சு அடைத்துவிட்டது. ஓரத்தில் ஓடும் எஃகு விளிம்பு முழுக்கச் செந்துரு. கடற்காற்றுக்கு உறை ஒரு தடையே இல்லை. குல்மார்கில் கெட்டித்துப் போன பனியைக் கடித்துப் பிடிப்பது அந்த விளிம்புதான், அது மொண்ணையானால் போர்டு பக்கவாட்டில் ஓடிவிடும்.

நுண்ணிய உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தேன், பிறகு அரத்தால் ஒரே திசையில் ராவினேன். நேற்று மாதா திருநாள், வீட்டில் மெழுகுவர்த்தி மிச்சம் இருந்தது. அதை உருக்கி அடிப்பக்கமும் விளிம்பும் மூடும்படி தடிமனாகப் பூசியிருக்கிறேன். சுரண்டாமல் அப்படியே கிடக்கட்டும், போகும்போது எடுத்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 11, ஞாயிறு

ஒரு முழுநாள் பாடத்தை அவரவர் தாய்மொழியில் எழுதச் சொன்னார்கள். முதல் வார்த்தையிலேயே நின்றுவிட்டேன். எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் ஓலையில் சொட்டும் ஈரம். காஷ்மீரியில் ஷீன் என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது. தமிழில் அந்த ஒரே சொல்தான் எல்லாவற்றுக்கும், அதனால் பெய்யும் பனி, கெட்டிப்பனி, ஈரப்பனி என்று அடைமொழி போட்டுக்கொண்டேன்.

காலுக்கு ஒரு பலகை மாட்டும் ஸ்கீயில் நிறுத்தும் பாடத்துக்குக் குழந்தைகளிடம் பீட்சாத் துண்டு என்பார்கள். முன்நுனிகள் நெருங்கி, பின்பக்கம் விரிய வேண்டும். நான் கூரை முகடு என்று எழுதினேன். அக்கா மகள் உடனே காலை அப்படி வைத்துக் காட்டினாள். ஸ்னோபோர்டில் எந்தக் கால் முன்னே என்று பார்க்க, வழக்கமாகப் பின்னால் இருந்து லேசாகத் தள்ளுவோம். இனி தள்ள முடியாது. "படகில் தாவி ஏறும்போது முதலில் எந்தக் காலை வைப்பாய்?" என்று கேட்கலாம். ஊரில் பதினான்கு பேரிடம் கேட்டுவிட்டேன், ஒருவர்கூட யோசிக்கவில்லை. படகு பார்க்காதவர்களிடம் வாய்க்கால் தாண்டுவதைக் கேட்க வேண்டும். குனியாமல் முட்டியை மடக்குவதற்கு, அலையில் அணியத்தில் நிற்பதுபோல என்று எழுதினேன். அணியம் என்றால் படகின் முன்பக்கம், அது கடற்கரைக்காரருக்கு மட்டும் புரியும். அடித்துவிட்டேன்.

டிசம்பர் 4, வெள்ளி

புரெவி புயல் இலங்கையைக் கடந்து வந்து, நேற்றில் இருந்து எங்கள் கரையை ஒட்டியே நகராமல் நிற்கிறது. மழை ஓயவில்லை. நேற்று மதியமே கரண்ட் போனது. அம்மா 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். அவள் அம்மா சொல்லக் கேட்டது.

இன்று வாய்மொழித் தேர்வு. நெட் இல்லை. தம்பி பைக் பேட்டரியில் போனைச் சார்ஜ் போட்டுக் கொடுத்தான். சாதாரண அழைப்பிலேயே டெல்லியும் தங்மர்கும் இணைந்தார்கள். மழைச் சத்தத்தில் போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு பேசினேன்.

"முதல் நாள் வகுப்பு. அறுபது வயதுக்காரர் விழுந்துவிட்டார். அடிபடவில்லை, ஆனால் பயந்திருக்கிறார். பேசு" என்றார் டெல்லிக்காரர். இந்தியில் பேசினேன். முடித்ததும் உஸ்தாத், "இப்போது அதையே உன் மொழியில் சொல்" என்றார். உங்களுக்குப் புரியாதே என்றேன். "வார்த்தை எனக்குத் தேவையில்லை. நான் கீழே விழுந்து கிடக்கிறேன், நீ பேசுவதைக் கேட்கிறேன்."

தமிழில் சொன்னேன். ஐயா, அவசரமே இல்லை, முதல்ல மூச்சு விடுங்க என்று தொடங்கி, மேடு பள்ளம் எல்லாம் சொல்லி எழுப்பினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"இந்தியில் நீ பாடம் சொன்னாய்," என்றார். "இதில் என்னோடு இருந்தாய். ஆனால் கடைசியில் வேகம் கூடிவிட்டது. எழுந்து நிற்கிற நொடியில்தான் அவருக்கு மறுபடி பயம் வரும். அங்கே மெதுவாகு."

பனியில் செய்து காட்ட வரச் சொல்லியிருக்கிறார்கள்.

டிசம்பர் 20, ஞாயிறு

நாளை விடியற்காலை பஸ். மதுரையில் இருந்து டெல்லி, அங்கிருந்து ஸ்ரீநகர். விமான நிலையத்திலேயே சளிப் பரிசோதனை உண்டாம். மெழுகைச் சுரண்டிவிட்டேன், விளிம்பு பளபளவென்று இருக்கிறது.

வாடை வந்துவிட்டதால் அப்பா இப்போது தென்கடலில்தான் வீசுகிறார். சாயங்காலம் சொல்லிக்கொள்ளப் போனேன். வலையை உதறிக்கொண்டே, "டேய், அன்னைக்குக் குதிகால்னு என்னமோ சொன்னியே. இப்ப பாத்துச் சொல்லு" என்றார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். வலை கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.