ஏலும், ஏலாது, சமாளிப்பன்

அரச கொடுப்பனவுக்கான மதிப்பீட்டு அறிக்கையில் சமையலுக்கு எதிரே பூச்சியம் போட்டிருந்தார்கள். காரணம் ஒரே வரி: சமையலைத் தான் சமாளித்துக்கொள்வதாக அவரே சொன்னார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். வயது 58. முடக்குவாதத்தில் விரல் மொழியெல்லாம் வீங்கி, தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு உள்ளங்கையாலும் ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, சமாளிப்பன் எண்டு சொன்னனீங்களோ?"

"ஓம் பிள்ளை. வேற என்னெண்டு சொல்லுறது? அந்தப் பெட்டை எவ்வளவு மரியாதையாக் கேட்டது. எனக்கு ஒண்டும் ஏலாது எண்டு முதல் நாளே சொல்லலாமே?"

எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன். வெங்காயம் மனுசன் வெட்டித் தருவார். பானையை மகன் வேலையால் வந்து இறக்குவான். இடியப்ப உரல் மூன்று வருசமாக அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. அக்கா ஸ்டூலில் இருந்து உப்புப் பார்த்துச் சொல்வார்.

லண்டனில் ஒரு ஆலோசனை நிலையத்தில் கிழமைக்கு இரண்டு நாள் வேலை செய்கிறேன். (இங்கே வருபவர்களை ஆரும் அடையாளம் காணக்கூடாது என்பதற்காகச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) என் மேசைக்கு வருவதில் பாதி 'பிப்' கோப்புகள். நோயாலோ ஊனத்தாலோ அன்றாட வாழ்க்கைக்குக் கூடுதல் உதவி தேவைப்படுகிறவர்களுக்கான கொடுப்பனவு அது. 2013 ஏப்ரலில் வந்தது. இப்படியான மேன்முறையீடுகளுக்கு இங்கிலாந்தில் இருந்த சட்ட உதவியை வெட்டியதும் அதே மாதம்தான். புதிய சட்டத்தைக் கையில் கொடுத்துவிட்டு வக்கீலைப் பறித்த கதை. அதனால்தான் வக்கீல் அல்லாத என்னைப் போன்றவர்கள் பக்கத்துக் கதிரையில் இருக்கிறோம்.

பிப் நோயின் பெயருக்குக் காசு கொடுப்பதில்லை. சமைப்பது, குளிப்பது, உடுப்பது, கதைப்பது என்று அன்றாட வேலை 10, நடமாட்டம் 2. ஒவ்வொன்றுக்கும் புள்ளி. ஒரு பிரிவில் 8 வந்தால் சாதாரண வீதம், 12 வந்தால் கூடிய வீதம். எல்லாக் கேள்வியும் கடைசியில் ஏலுமா ஏலாதா என்பதில் வந்து நிற்கும். ஆனால் சட்டத்தின் 'ஏலும்' எங்கள் 'ஏலும்' அல்ல. ஆபத்தில்லாமல் செய்ய வேண்டும். ஓரளவுக்காவது ஒழுங்காகச் செய்ய வேண்டும். தேவைப்படுகிற தடவையெல்லாம் செய்ய வேண்டும். வருத்தமில்லாத ஒருவருக்கு ஆகக்கூடிய நேரத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போகக்கூடாது. இதில் ஒன்று பிழைத்தாலும் சட்டத்தின் கண்ணில் அது ஏலாது. அதுவும் மொத்த நாட்களில் பாதிக்கு மேல் அப்படி இருக்க வேண்டும். அக்காவின் நல்ல நாள் கெட்ட நாளை எண்ண, தமிழ்க் கடை கலண்டரில் மகனைக் கொண்டு சிவப்பு வட்டம் போடுவித்தேன். மூன்று மாதம். ராகுகாலத்துக்கும் கந்தசஷ்டிக்கும் நடுவே வட்டம் வட்டமாக அந்தத் தாள்களும் பிறகு, மேன்முறையீட்டை விசாரிக்கிற ட்ரிப்யூனலுக்கான கோப்புக் கட்டுக்குள் போயின.

முடிவுக் கடிதம் வந்து ஒரு மாதத்துக்குள், முடிவெடுத்த அரச திணைக்களத்திடமே திருப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அதே பதில்தான் வரும். எங்கள் ஆட்கள் பலர் அந்த இடத்தில் விட்டுவிடுவார்கள். "அரசாங்கம் ரெண்டு தரம் இல்லையெண்டிட்டுது, இனி என்ன?" அடுத்த ஒரு மாதத்துக்குள் ட்ரிப்யூனலுக்கு எழுதலாம், காசு கட்டத் தேவையில்லை, அங்கே இருப்பவர்கள் திணைக்களத்தின் ஆட்கள் இல்லை என்று சொன்னாலும் நம்பமாட்டார்கள். "நாங்கள் கோடு கச்சேரி ஏறாத சனம் பிள்ளை" என்பார்கள். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுவேன்: ஏற்கெனவே ஏதாவது கிடைத்திருந்தால், ட்ரிப்யூனல் அதையும் எடுத்துப் பார்க்கலாம், குறைக்கவும் செய்யலாம்.

அக்காவின் கட்டை வாசித்தபோது இன்னொன்று தட்டுப்பட்டது. "நீண்டகாலமாகக் கவலையாக இருப்பதாகக் கூறினார், ஆனால் மனநல மருந்து எதுவும் எடுப்பதில்லை" என்று அறிக்கையில் இருந்தது. அக்காவுக்கு அப்படியொரு கவலையுமில்லை. அவர் சொன்னது: "எனக்குப் பத்து வருசமா வருத்தம்." தொலைபேசியில் மொழிபெயர்த்தவர் தமிழ்நாட்டுக்காரர். அவருக்கு வருத்தம் என்றால் மனவருத்தம். எங்களுக்கு வருத்தம் என்றால் நோய். இதேபோல இன்னொரு கோப்பில், "மனுசன் பேசுறவர்" என்று ஒரு பெண் அழுதது, கணவர் தன்னோடு உரையாடுவார் என்று ஆகியிருந்தது. யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் ஏசுவது. அந்தப் பெண்ணுக்கு மற்றவர்களோடு பழகுவதில் பிரச்சினையில்லை என்பதற்கு அதையே சான்றாக வைத்திருந்தார்கள்!

என் பிழைகளும் உண்டு. தொடக்க காலத்தில் ஒருவருக்கு நிபுணரின் கடிதம் எடுத்துக் கொடுத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். நீதிபதி திகதியைப் பார்த்தார். திணைக்களம் முடிவெடுத்த நாளில் நிலைமை எப்படி இருந்தது என்பதைத்தான் ட்ரிப்யூனல் பார்க்கலாம். என் கடிதமோ அதற்கு எட்டு மாதத்துக்குப் பிந்தியது, எட்டு மாதத்தில் எவ்வளவு மோசமாகிவிட்டது என்பதைத்தான் விபரமாகச் சொல்லியது. அன்றிலிருந்து வைத்தியருக்கு எழுதும்போது முதல் வரியிலேயே அந்தத் திகதியைப் போடுகிறேன்.

அக்காவின் விசாரணை ஒரு சாதாரண அறையில் நடந்தது. நீண்ட மேசை, தண்ணீர்ப் போத்தல். நீதிபதி, ஒரு வைத்தியர், ஊனம் பற்றி அனுபவமுள்ள ஒருவர் என்று மூன்று பேர். திணைக்களத்திலிருந்து ஆரும் வரவில்லை. மொழிபெயர்ப்பாளரை ட்ரிப்யூனலே ஒழுங்கு செய்திருந்தது. முதலில் இரண்டு பேரும் நாலு வசனம் கதைத்து விளங்குகிறதா என்று பார்க்கச் சொன்னார் நீதிபதி. "அக்காவின் வருத்தம் நோய், கவலையில்லை" என்று நானும் இடையில் புகுந்து சொல்லிவைத்தேன்.

வைத்தியர் கேட்டார்: "இண்டைக்குக் காலமை உங்கட சட்டைப் பொத்தானை ஆர் பூட்டினது?" அக்கா என்னைப் பார்த்தார். 'சமாளிச்சன்' நாக்கு நுனிவரை வந்தது எனக்குத் தெரிந்தது. பிறகு மெல்ல, "மனுசன்தான்" என்றார். அதற்குப் பிறகு கதை தானாக வந்தது. குளியல் தொட்டிக்குள் கால் தூக்கி வைக்க மகள் பிடிப்பது, காலுறை, பானை. அரை மணித்தியாலம் வெளியே இருத்திவிட்டுக் கூப்பிட்டார்கள். சமையலுக்கு 4, குளிப்புக்கு 3, உடுப்புக்கு 2. ஆக 9. நடைக்கு 4தான், அந்தப் பிரிவில் ஒன்றும் இல்லை. வெல்லாததைப் பற்றி அக்கா கேட்கவேயில்லை. வெல்லாததைத்தான் நான் வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஆனால் இரவில் நினைவுக்கு வருவது வேறொரு ஆள். தொடைக்குள் ஷெல் துண்டோடு வந்த ஒரு அண்ணை, குடலிலும் காயம். படிவத்தை நான்தான் நிரப்பினேன், கழிவறை பற்றிய பக்கத்தை அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டு சொல்லச்சொல்ல எழுதினேன். விசாரணையன்று வந்த மொழிபெயர்ப்பாளர் ஒரு பெண், எங்கட பக்கத்துப் பேச்சு. வரவேற்பறையிலேயே "அண்ணை எந்த ஊர்?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். உள்ளே கழிவறைக் கேள்வி வந்தபோது, "அதில பிரச்சினையில்லை" என்றார் அண்ணை. கசிவுக்கு உள்ளே வைக்கிற 'பாட்' வாங்கிய பற்றுச்சீட்டு கோப்புக் கட்டில் இருந்தது. நீதிபதி அதைக் காட்டி இன்னொருதரம் மெதுவாகக் கேட்டார். அண்ணை நிலத்தைப் பார்த்தபடி அதே பதில். ஆண் மொழிபெயர்ப்பாளரோடு வேறொரு நாள் வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். எனக்கு அது தோன்றியது ரயிலில் திரும்பி வரும்போதுதான். 6 புள்ளி. 'பாட்' பாவிப்பதற்கு மட்டும் 2 கிடைத்திருந்தால் 8.

காரணங்களை எழுத்தில் எடுத்துப் பார்த்தேன். சட்டப் பிழை எதுவும் இல்லை. சட்டப் பிழை இல்லாமல் மேல் ட்ரிப்யூனலுக்குப் போக முடியாது. அவர் சொன்னதைத்தான் அவர்கள் எழுதியிருந்தார்கள்.

இப்போது அப்பீல் படிவத்தில் மொழிபெயர்ப்பாளர் கேட்கிற இடத்தில் 'தமிழ்' என்பதோடு நிறுத்துவதில்லை. இலங்கைத் தமிழ், ஆணா பெண்ணா, இரண்டையும் எழுதுகிறேன். அண்ணைக்குப் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று இரண்டு தரம் தொலைபேசி எடுத்தேன். "பாப்பம் தங்கச்சி" என்றார்.