தாங்குவே தோண்டும் மாதத்தில் மின்சியான்

ஊர் திரும்பி நான்கு நாள் ஆகிறது. பெட்டியைத் திறந்தால் இன்னும் அந்த வாசனைதான் முதலில் வருகிறது. செலவுக் கணக்கு, தங்குமிடம், ரயில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் தாங்குவே என்ற மருந்து வேரைப் பற்றிச் சொல்லாமல் கை வேறெதற்கும் நகர மாட்டேன் என்கிறது.

சீனாவின் கான்சு மாகாணத்தில், தாவோ ஆற்றங்கரையில், சுமார் 2300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மின்சியான். தாங்குவே என்றால் சீனர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த ஊர்தான். மாதவிடாய்க் கோளாறு, பிரசவத்துக்குப் பிந்திய பலவீனம், ரத்தக் குறைவு என்று சீன வைத்தியரிடம் போனால் கஷாயப் பொட்டலத்தில் பெரும்பாலும் இது ஒரு துண்டு இருக்கும். அக்டோபரில் தோண்டுவார்கள் என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டேன்.

கான்சுவின் தலைநகர் லான்சோவில் 9 யுவானுக்கு மாட்டிறைச்சி நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறினேன். ரயில் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போனது. சிக்கல் இறங்கிய பிறகுதான். ஊருக்குள் போக ஒரு டிரைவர் 80 யுவான் கேட்டார். நம் கணக்கில் கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய்! போன் செயலியோ 17 யுவான் காட்டியது. அதைக் காட்டினேன், அந்த வண்டி வராது என்று கையை ஆட்டினார். பத்து நிமிடம் குளிரில் நின்றதும் அந்த வண்டியே வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறவரைப் பார்த்து விலை சொல்கிற டிரைவரிடம் ஏறவே ஏறாதீர்கள். அப்புறம், முதலில் போன விடுதியில் வெளிநாட்டவருக்கு அறை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது இடத்தில் 160 யுவான். முன்பதிவு செய்யும்போதே வெளிநாட்டு பாஸ்போர்ட்டை ஏற்பார்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் வயலுக்குப் போனேன். ஓர் அம்மா இரண்டு பல் கவையால் மண்ணைக் குத்தி நெம்பி, ஒரு வேரை அப்படியே தூக்கி உதறி என் கையில் கொடுத்தார். தடித்த தலை, கட்டையான உடம்பு, கீழே பத்துப் பதினைந்து கால்கள். ஈர மண்ணோடு மூக்கருகே கொண்டு போனால், கொத்தமல்லித் தண்டையும் ஓமத்தையும் சேர்த்துக் கசக்கி, அதில் கொஞ்சம் வெல்லம் வைத்தது மாதிரி ஒரு வாசனை. காரணம் இருக்கிறது: கொத்தமல்லி, ஓமம், கேரட், சீரகம் எல்லாம் இதற்குச் சொந்தக்காரச் செடிகள்தான், ஒரே குடும்பம்.

போனில் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துக்கொண்டு அவரிடம் நிறையப் பேசினேன். முதல் வருடம் நாற்று மட்டும்தான். இலையுதிர் காலத்தில் அதைப் பிடுங்கி, குளிர்காலம் முழுக்கக் குளுமையான இடத்தில் வைத்திருந்து, அடுத்த வசந்தத்தில் நடுகிறார்கள். அந்த இரண்டாவது வருட இலையுதிர் காலத்தில்தான் அறுவடை. நடுவில் செடி அவசரப்பட்டுப் பூத்துவிட்டால் வேர் விறகாகிவிடும், மருந்துக்கு ஆகாது. ஒவ்வொரு வருடமும் அந்தப் பயம்தான் என்றார். பாடுபட்டு இரண்டு வருடம் காத்திருந்து, கடைசியில் கையில் விறகு வந்தால் எப்படி இருக்கும்!

தோண்டியதை உடனே காய வைப்பதில்லை. மண்ணைத் தட்டி, கொஞ்சம் வாடவிட்டு, சிறு சிறு கட்டாகக் கட்டிப் பரணில் அடுக்கி, கீழே புகை போட்டு மெதுவாக உலர்த்துவதுதான் பழைய முறை. அப்படி ஒரு கொட்டகைக்குள் இரண்டு நிமிடம்தான் நின்றேன். கண் எரிந்தது. அந்த இரண்டு நிமிடத்துக்காகவே இன்னொரு தடவை போவேன்.

சந்தையில் ஒரு விஷயம் எரிச்சலாக இருந்தது. பளிச்சென்று வெள்ளையாக, லேசான புளிப்பு நெடியோடு சீவல்கள் வைத்திருந்தார்கள். கெடாமலிருக்கவும் வெளுப்பாகத் தெரியவும் கந்தகப் புகை போடுவது இந்த வியாபாரத்தில் பழைய வழக்கம். மருந்துக்கு அழகு எதற்கு? சீவல் வேண்டாம், முழு வேராகக் கேளுங்கள். உடைத்துப் பார்த்தால் உள்ளே மஞ்சள் கலந்த வெள்ளை, பழுப்பு வளையம், எண்ணெய்ப் புள்ளிகள் தெரிய வேண்டும். காய்ந்து விறகு மாதிரி இருந்தாலோ, உள்ளே பச்சைப் பழுப்பாக இருந்தாலோ வாங்காதீர்கள். நான் அரைக் கிலோ 70 யுவானுக்கு வாங்கினேன்.

சரி, சாப்பாடு. தாங்குவே, இஞ்சி, ஆட்டுக்கறி சேர்த்த சூப் 48 யுவான். விலையைப் பார்த்து முதலில் தயங்கினேன். தெளிந்த சூப், எலும்போடு கறி, மேலே நாலு சீவல். முதல் வாய் இனிப்பு, அப்புறம் இஞ்சிக் காரம், கடைசியில் நாக்கின் அடியில் ஒரு கசப்பு. காலையிலிருந்து விறைத்திருந்த விரல்கள் பாதிக் கிண்ணத்திலேயே இளகிவிட்டன. ஹான் வம்சத்தின் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வைத்தியர் சாங் சோங்ஜிங் எழுதி வைத்த மருந்து இது. தாங்குவே 3 பங்கு என்றால் இஞ்சி 5 பங்கு. குளிரால் வரும் வயிற்று வலிக்கும், பிள்ளை பெற்ற பிறகு வரும் வயிற்று வலிக்கும் கொடுத்திருக்கிறார். ஆயிரத்து எண்ணூறு வருடமாக அந்தப் பாத்திரம் அடுப்பை விட்டு இறங்கவே இல்லை.

பெயரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தாங்குவே என்ற எழுத்துகளுக்கு 'திரும்பி வர வேண்டும்' என்று பொருள் கொள்ளலாம். மூன்று அரசுகள் காலத்துத் தளபதி ஜியாங் வெய் இதே கான்சுக்காரர். அவர் வெய் நாட்டை விட்டு ஷூ நாட்டுப் பக்கம் போனபோது, அம்மா கடிதம் எழுதித் தாங்குவே கேட்டாராம். மகனின் பதில்: எனக்கு யுவான்ஜிதான் இருக்கிறது, தாங்குவே இல்லை. யுவான்ஜியும் ஒரு மருந்து வேர்தான். அதன் பொருள் 'தொலைநோக்கிய வைராக்கியம்'. அந்த அம்மாவை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

ஒரு எச்சரிக்கை: ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் இதைத் தொடாதீர்கள். கர்ப்பிணிகளும் வேண்டாம்.

லான்சோவிலிருந்து போய்வர, இரண்டு இரவுக்கு, வேரையும் சேர்த்து 700 யுவானுக்குள் முடிந்தது. நேற்று வீட்டில் அதே சூப் வைத்தேன். இஞ்சியைக் குறைத்துவிட்டேன் போல, கசப்பு முன்னால் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வைக்கப் போகிறேன்.