புண்ணாக்கும் ஒரு ரிப்போர்ட்டும்

"பாலச் சோதிக்கறீங்க, மாடு திங்கறதச் சோதிக்க மாட்டீங்களா மேடம்?" என்று எங்கள் அரசு உணவுப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்த, மாடு வைத்துப் பால் ஊற்றும் ஒருவர் கேட்டார். தீவனத்தை நாங்கள் சோதிப்பதில்லை என்று நான் சொன்ன பதில் சட்டப்படி சரி. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் எது உணவு என்று விளக்கும் இடத்திலேயே கால்நடைத் தீவனம் அதில் சேராது என்று எழுதிவிட்டது. இன்றைக்கு வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். அப்புறம் ஏன் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது?

கண்காணிப்புக்காக எடுத்த அவருடைய பாலில் அஃப்ளடாக்சின் எம்1 என்ற பூசண நஞ்சு வரம்பைத் தாண்டியிருந்தது. வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். வழக்கெல்லாம் இல்லை, அலுவலர் கூப்பிட்டுச் சொன்னதோடு சரி. சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்காத மனிதர். ஆனாலும் சண்டை பிடிக்க வரவில்லை. மஞ்சள் பையில் கடலைப் புண்ணாக்கு கொண்டு வந்திருந்தார். ஓரமெல்லாம் பச்சையாகப் பூசணம் பூத்த துண்டு ஒன்றைத் தனியே காகிதத்தில் மடித்து வைத்திருந்தார்.

பூசணம் பிடித்த புண்ணாக்கில் இருக்கும் அஃப்ளடாக்சின் பி1 என்ற நஞ்சுதான் மாட்டின் ஈரலில் எம்1 ஆக மாறி, ஒரு நாளைக்குள் பாலில் இறங்கிவிடுகிறது. எவ்வளவு காய்ச்சினாலும் போகாது. தீவனத்தை நிறுத்தினால் சில நாளில் பால் தெளிந்துவிடும். இதையெல்லாம் நின்றபடியே சொன்னேன்.

"நிறுத்திப்போடறனுங்க. மூட்டையத் திருப்பிக் குடுத்தா கடக்காரரு ரிப்போர்ட் எங்கேம்பாரு. நீங்க எழுதிக் குடுத்தா போதுமுங்க."

இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொள்கிறேன். அவருக்குச் சோதனை வேண்டியிருக்கவில்லை, கண்ணுக்கே தெரிகிறதே. கடைக்காரர் முன்னால் வைக்க அரசு முத்திரையோடு ஒரு தாள் வேண்டும்.

வாங்கியிருந்தாலும் அந்தப் பையை வைத்து என்ன எழுதியிருக்க முடியும்? அஃப்ளடாக்சின் ஒரு மூட்டையில் சமமாகப் பரவியிருக்காது. ஒரு துண்டில் குவிந்து கிடக்கும், பக்கத்துத் துண்டில் ஒன்றுமே இருக்காது. பூசணத் துண்டை மட்டும் அரைத்தால் கடைக்காரருக்கு அநியாயம். நல்ல துண்டு மாட்டி 'இல்லை' என்று வந்தால் அவர் நிம்மதியாக மறுபடி மாட்டுக்குப் போட்டிருப்பார். ஒரு தாளுக்கு மதிப்பு வருவதே மாதிரியை யார், எப்படி எடுத்தார்கள் என்பதில்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அதே நிலக்கடலை மனிதர் தின்பதற்கென்று வந்தால் நாங்கள் சோதிக்கிறோம். அதைச் செக்கில் ஆட்டினால் நஞ்சில் பெரும்பகுதி எண்ணெயோடு போகாமல் புண்ணாக்கில்தான் தங்கும். அந்தப் புண்ணாக்குக்கு எங்கள் கதவு மூடியிருக்கிறது. இந்த நஞ்சை உலகம் கண்டுகொண்டதே தீவனத்தால்தான்: 1960-ல் இங்கிலாந்தில் நிலக்கடலைத் தீவனம் தின்று லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்த பிறகு.

2018-ல் நாடு முழுக்க எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 368-ல் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் மட்டும் 551-க்கு 88. எண்ணிக்கையில் மாநிலங்களில் நாம்தான் முதலிடம். தீவனம் வழியாகத்தான் வருகிறது என்று அந்த ஆய்வின் அறிக்கையே சொன்னது. கலப்புத் தீவனத்துக்கு ஐஎஸ் 2052 என்ற இந்தியத் தரநிர்ணயம் இருக்கிறது, பி1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது. உதிரியாக எடை போட்டு விற்கும் புண்ணாக்கில் அதை யார் பார்க்கிறார்கள்?

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வகம் இருப்பதைச் சொல்லி, மூட்டையில் பல இடங்களிலிருந்து எடுத்துக் கலந்து கொண்டுபோகச் சொன்னேன். "செரிங்க" என்று பையை எடுத்துக்கொண்டார். ஒரு நாள் கறவையை விட்டுவிட்டு நாமக்கல் போய்வர அவரால் முடிந்ததா என்பது தெரியாது.

பாலில் எம்1 தாண்டினால் அதே வாரம் கால்நடைத் துறை அந்த வீட்டுத் தீவனத்திலும் முறைப்படி மாதிரி எடுக்க வேண்டும் என்று இப்போதெல்லாம் கூட்டங்களில் கேட்கிறேன். கேட்கும்போதே, 14 நாள் கெடுவுக்குள் முடிக்க வேண்டிய மாதிரிகள் எங்கள் மேசையில் குவிந்து கிடப்பதும் ஞாபகம் வரும். தீவனத்தையும் நீங்களே பாருங்கள் என்று திருப்பிச் சொல்லிவிட்டால், இருக்கிற ஆட்களை வைத்து எப்படிச் சமாளிப்பேன் என்று என்னிடம் பதில் இல்லை. இருந்தாலும் அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.