பெரும்பாக்கம் ஏரி, புரட்டாசி முதல் மார்கழி வரை: தண்ணீர் ஏற ஏற மாறிய பறவைகள்

சென்னையில் வலசைப் பறவை பார்க்க எப்போது போகலாம் என்று யாரைக் கேட்டாலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்று பதில் வரும். பதில் சரிதான். ஆனால் அதை மட்டும் நம்பி, நவம்பரில் அடைமழை விட்ட மறுநாள் பெரும்பாக்கம் போய் நின்றால் சேற்றோரத்தில் இரை தேடும் உள்ளான் ஒன்றுகூடக் கண்ணில் படாது. அதனால் இந்தப் பருவத்தில் பறவைப் பெயரோடு, அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு நின்றது என்பதையும் சேர்த்து எழுதி வைக்கலாம் என்று தொடங்கினேன். புரட்டாசிக் கடைசியில் ஆரம்பித்து இப்போது மார்கழி நடக்கிறது. நோட்டைப் புரட்டினால், தேதியைவிடத் தண்ணீர் மட்டம்தான் எந்தப் பறவை வரும் என்று சொல்கிறது.

அளவுகோல் ரொம்பச் சாதாரணமானது. கரையோரம் சாய்ந்து நிற்கிற ஒரு பழைய கான்கிரீட் வேலித்தூண். தண்ணீருக்கு மேல் தெரிவது முழுத்தூண், முக்கால், பாதி, கால், காணோம் என்று ஐந்தே அளவு. மற்றபடி கையில் 8x42 பைனாகுலர், ஒரு கோடு போட்ட நோட்டு, போனில் பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இ-பேர்ட் செயலி. டெலஸ்கோப் கிடையாது, அதனால் தூரத்து வாத்துகள் விஷயத்தில் என் குறிப்புகள் கொஞ்சம் ஏழை. கூட வருவது எதிர் வீட்டு மாமா. ஓய்வு பெற்றவர், நடைப்பயிற்சிக்காக வர ஆரம்பித்து, இப்போது எனக்கு முன்னால் கேட் வாசலில் நிற்கிறார்.

புரட்டாசிக் கடைசியில் முழுத்தூண் வெளியே தெரிந்தது. ஏரி என்று சொல்வதைவிடச் சேறு என்று சொல்லலாம், நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர், ஓரமெல்லாம் பாளம் வெடிக்காத ஈரச் சேறு. உள்ளான்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. பலரும் நினைப்பதுபோல இவை குளிர் ஆரம்பித்த பிறகு வருபவை அல்ல, பொறி உள்ளான் ஆகஸ்டிலேயே வந்துவிடும். தொடக்கத்தில் எல்லாமே பழுப்பாக, ஒன்றுபோலத் தெரியும். நிறத்தை விட்டுவிட்டுக் காலையும் அலகையும் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். முதுகில் பொரி பொரியாக வெள்ளைப் புள்ளி, கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம், மஞ்சள் கலந்த கால் என்றால் பொறி உள்ளான். அதைவிடப் பெரிசாய், லேசாக மேல்நோக்கி வளைந்த தடித்த அலகும் பச்சைக் காலும் இருந்தால் பச்சைக்காலி, அது பறக்கும்போது தியூ தியூ தியூ என்று மூன்று முறை கத்திவிட்டுப் போகும், கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். அதே உருவம், ஆனால் இளைத்து, அலகு ஊசி மாதிரி மெலிந்து நேராக இருந்தால் சிறு பச்சைக்காலி. நெடுங்கால் உள்ளானுக்குக் குழப்பமே இல்லை, அந்த இளஞ்சிவப்புக் காலை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியாகக் கொசு உள்ளான். தலையிலிருந்து வால்வரை 14 செ.மீ. அளவுதான், சிட்டுக்குருவி உயரம். நிற்கவே நிற்காது. சேற்றைத் தையல் மிஷின் ஊசி மாதிரி குத்திக்கொண்டே ஓடும். ஆர்க்டிக் பக்கம் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து எருமைக் குளம்புத் தடத்தில் இரை தேடுகிறது என்று மாமாவிடம் சொன்னபோது, "பாஸ்போர்ட் ஆபீசுல கேட்டா நம்பமாட்டான்" என்றார்.

அந்த வாரங்களில் இன்னொன்றும் நடந்தது. ஏரிக்கரை முழுக்க மஞ்சள் தட்டான்கள், ஆள் உயரத்தில் கும்பல் கும்பலாக. தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை என்பார்கள், சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தட்டான்களுக்கு மழையைத் தாண்டியும் வேலை இருக்கிறது. வடகிழக்குக் காற்றோடு இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகும் இனம் அது. மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த நீலவால் பஞ்சுருட்டான்கள் அவற்றில் ஒரு பங்கைப் பயணம் தொடங்கும் முன்பே முடித்துவைத்துக்கொண்டிருந்தன. பக்கத்துக் கருவேல மரத்தில் பழுப்புக் கீச்சானும் வந்துவிட்டது. வந்த புதிதில் விடியற்காலையும் சாயங்காலமும் கரகரவென்று கத்தி இடம் பிடிக்கும், பிறகு பேச்சைக் குறைத்துவிடும். போன வருடம் பார்த்த அதே மரம். அதே பறவையா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது, இருந்தாலும் ஆச்சரியமில்லை, குளிர்காலத்தைக் கழித்த இடத்துக்கே திரும்புகிற பழக்கம் கீச்சான்களுக்கு உண்டு.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். தொடங்கியது. ஒரே ராத்திரியில் முக்கால் தூண், அடுத்த நாள் மழையே இல்லை, ஆனாலும் பாதித்தூண் ஆகிவிட்டது. முதலில் இது விளங்கவில்லை. பிறகு வரைபடத்தை வைத்துப் பார்த்தால் காரணம் தெரிகிறது: தென்சென்னைப் புறநகரின் 30-க்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் பெரும்பாக்கத்தை ஒட்டிய பள்ளிக்கரணைச் சதுப்பை நோக்கித்தான் இறங்குகிறது, மேலே உள்ள ஏரி நிரம்பி வழிய ஓரிரு நாள் ஆகும், அதனால் இங்கே வானம் வெளுத்த பிறகும் மட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். வெளியேற வழி ஒக்கியம் மடுவு, அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய், அப்புறம் கோவளம் முகத்துவாரம். வருகிற வழி அகலம், போகிற வழி குறுகல். மேடவாக்கம், வேளச்சேரி பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தூண் காணாமல் போன அன்று உள்ளான் ஒன்றுகூட இல்லை. சேறு முழுக்கத் தண்ணீருக்கு அடியில், கொசு உள்ளானின் கால் இரண்டு செ.மீ. சொச்சம், அது எங்கே நிற்கும்? அதற்குப் பதிலாக நாமக்கோழிகள், நீலத் தாழைக்கோழிகள், முக்குளிப்பான்கள், சீழ்க்கைச் சிறகிகள். இலைக்கோழிகள் மிதக்கும் இலைமேல் நடப்பதால் ஆழம் அவற்றுக்கு ஒரு பொருட்டில்லை. நீளவால் இலைக்கோழிக்கு இந்தப் பருவத்தில் நீளவால் இருக்காது, படத்தில் பார்த்த வாலைத் தேடிக்கொண்டிருந்தால் கண்ணெதிரே நிற்கும் பறவையைத் தவறவிடுவீர்கள். கழுத்தில் ஓடும் கறுப்புக் கோட்டைப் பாருங்கள்.

அங்கே எருமை மேய்க்கும் ஒரு பெரியவர், நாங்கள் தூணைப் பார்த்துக் குறிப்பெடுப்பதை ரொம்ப நாளாகக் கவனித்துவிட்டு ஒருநாள் கேட்டார், "கல்ல பாத்து இன்னா தம்பி எழுதற?" விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கு எதுக்குக் கல்லு, என் எருமையப் பாரு. முட்டிக்குத் தண்ணி இருந்தா கொக்கு வரும், வயித்துக்கு ஏறிச்சுன்னா வாத்து வரும்" என்றார். என் ஐந்து அளவுகளைவிட அவருடைய இரண்டு அளவு நன்றாகவே வேலை செய்கிறது, நோட்டில் எருமைக்கு ஒரு பத்தி சேர்த்தாயிற்று.

சரி, உள்ளான்கள் எங்கே போயின? இந்தக் கேள்விக்காகவே ஐப்பசி நடுவில் தையூர், சிறுதாவூர் பக்கம் வண்டியை எடுத்துக்கொண்டு போனோம். உழுது தண்ணீர் கட்டிய வயல்களில் இருந்தன. டிராக்டர் புரட்டிப்போட்ட சேற்றில் உண்ணிக்கொக்குகள் பின்னாலேயே நடக்க, சற்றுத் தள்ளிப் பொறி உள்ளான்கள், மஞ்சள் வாலாட்டிகள், வரப்போரப் புல்லுக்குள் கோரை உள்ளான். இது மிதிபடும் தூரம் வரும்வரை அசையாது, பிறகு திடீரென்று கிளம்பி வளைந்து வளைந்து பறக்கும், நமக்குத்தான் நெஞ்சு படபடக்கும். ஏரி நிறைந்தால் பறவை ஊரைவிட்டே போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், நாலு அங்குலத் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தேடினால் போதும். பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் பள்ளமான மனைகூட அந்த வாரங்களில் நல்ல இடம்தான், பாம்பைக் கவனித்துக் கால் வையுங்கள்.

ஐப்பசியின் மீதி நாட்கள் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே கழிந்தன. அதிலும் ஒரு லாபம் இருந்தது. ஒரு காலை மாமா போன் செய்து, "நம்ம வாதாம் மரத்தடியில கலர் கலரா ஒண்ணு குப்பையக் கிளறுது, கோழிக்குஞ்சு மாதிரி, வாலே இல்ல" என்றார். ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் பெயர் உண்டு. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு, தெற்கே குளிர்காலம் கழிக்க இரவில் பறந்து வரும், பல இலங்கை வரை போகும். அக்டோபரில் சென்னை வீடுகளின் மாடியில், குளியலறையில் களைத்து விழுவது இந்தப் பறவைதான். உங்கள் வீட்டில் விழுந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டிக்குள் இருட்டாக, சத்தமில்லாமல் வைத்துவிடுங்கள், வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், படம் எடுக்கக் கையில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். தெளிந்ததும் மரமும் சருகும் உள்ள இடத்தில் விட்டால் போதும். எங்கள் வாதாம் மரத்தடியில் இரண்டு நாள் தங்கிச் சருகைப் புரட்டித் தின்றது. குடியிருப்பில் அந்த இரண்டு நாளும் சருகு பெருக்க வேண்டாம் என்று சொல்லி வைத்தது மாமா.

கார்த்திகை வாத்துகளின் மாதம். எருமை வயிறு மட்டம். ஏரி நடுவில் நீலச்சிறகிகள் பெரிய கூட்டமாக, கூடவே ஊசிவால் வாத்துகளும் தட்டைவாயன்களும். இதில் ஒரு சங்கடம். நீலச்சிறகி ஆணுக்குத் தலையில் பளிச்சென்று வெள்ளைப் பட்டை இருக்கும் என்று புத்தகம் சொல்லும், ஆனால் வந்த புதிதில் ஆண்களும் பெட்டை மாதிரியேதான் இருக்கும், பட்டை தெரிய மார்கழி, தை ஆகும். அதுவரை உருவத்தையும், பறக்கும்போது இறக்கையில் தெரியும் வெளிர் சாம்பல் நீலத்தையும் வைத்து ஒப்பேற்ற வேண்டும். எண்ணுவதற்கு எங்கள் வழி: ஐம்பதைச் சரியாக எண்ணி, அந்த ஐம்பது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அதே அளவில் கூட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரிப்பது. மாமாவும் நானும் தனித்தனியாக எண்ணுவோம். அவர் எண்ணிக்கை எப்போதும் அதிகம்.

எண்ணி முடிக்கும் நேரம் பார்த்துச் சேற்றுப் பூனைப்பருந்து வரும். கோரைக்கு மேல் தாழ்வாக, இறக்கையை வி வடிவில் தூக்கி மிதந்து வந்தாலே போதும், ஏரியே எழுந்துவிடும். வேலை கெட்டது என்று அலுத்துக்கொள்ளலாம், ஆனால் வாத்தின் இறக்கையை அப்போதுதான் பார்க்க முடிகிறது. அதனால் இப்போதெல்லாம் பருந்து வராவிட்டால்தான் ஏமாற்றம்.

வேடந்தாங்கலுக்கும் போய் வந்தோம். கூட்டம், ஒலிபெருக்கிப் பேச்சு, பஜ்ஜிக் கடை எல்லாம் உண்டு, அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆனால் தண்ணீர்க் கணக்கு அங்கேயும் செல்லும். நீர்க்கடம்பு மரங்களைச் சுற்றித் தண்ணீர் நின்றால்தான் கூழைக்கடாவும் நத்தை குத்தி நாரையும் நம்பிக் கூடு கட்டும், ஏரி நிரம்பாத வருடம் சரணாலயமே வெறிச்சென்று இருக்கும். எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்த ஊர்க்காரர்கள், பறவைகளைச் சுடக்கூடாது என்று கலெக்டரிடம் 1790களிலேயே எழுதி வாங்கிய இடம் அது. சட்டம் வந்து காப்பதற்கு ரொம்ப முன்னால்.

மார்கழி பிறந்ததும் தூணின் தலை தெரிந்தது. இந்தப் பருவத்தில் எனக்குப் பிடித்த பக்கங்கள் நோட்டில் இங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன. கால் தூண் தெரிந்தபோது நெடுங்கால் உள்ளான்கள் வந்தன, வயிறு நனையும் அளவு தண்ணீரில். அடுத்து கருவால் மூக்கன்கள், தலை முழுக்கத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவிக்கொண்டு. பாதியை நெருங்கும்போது பச்சைக்காலி, பிறகு பேதை உள்ளானும் பொறி உள்ளானும் ஓரத்தில். போனபோது குட்டைக்கால் முதலில் போனது, வரும்போது நெட்டைக்கால் முதலில் வருகிறது. கொசு உள்ளான் இன்னும் வரவில்லை, ஓரச்சேறு இன்னும் ஒரு முழமாவது வெளியே தெரிய வேண்டும்.

பனியால் ஏழு மணிவரை எதுவும் தெரிவதில்லை, பைனாகுலர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கோயில் ஒலிபெருக்கி வேறு, காதால் பறவை கண்டுபிடிப்பதை இந்த மாதத்தில் நான் விட்டுவிட்டேன். ஏழரைக்கு மேல் சூரியனை முதுகுப் பக்கம் வைத்து நிற்கும்படி கரையைத் தேர்ந்தெடுத்தால் காலின் நிறம் நன்றாகத் தெரிகிறது.

அடுத்தது பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு. 2015-லிருந்து ஒவ்வொரு வருடமும் பொங்கல் நாட்களில் நடக்கிறது, யாரும் கலந்துகொள்ளலாம், ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்ததை எண்ணி இ-பேர்டில் ஏற்றினால் போதும். மாட்டுப் பொங்கலன்று காலை பெரும்பாக்கம், அங்கே கொசு உள்ளான் வராவிட்டால் கேளம்பாக்கம் காயல் என்று முடிவு செய்திருக்கிறோம். மாமா யாரிடமோ டெலஸ்கோப் இரவல் கேட்டிருக்கிறார். கிடைத்தால் நீலச்சிறகி எண்ணிக்கையில் எங்கள் இருவரில் யார் சொன்னது சரி என்று தெரிந்துவிடும்.