மாதவிடாய் வந்துவிட்டால் எலும்பு தேறிவிடுமா?

எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்துக்கொள்ளும் அனோரெக்சியா நெர்வோசா என்ற மனநல நோய் உள்ள ஒரு பெண்ணுக்கு மாதவிடாய் நின்றுபோனால், பல இடங்களில் முதலில் எழுதித் தரப்படுவது கருத்தடை மாத்திரை. மாதம் தவறாமல் உதிரப்போக்கு வருகிறது, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எலும்புக்கு மட்டும் அதனால் பலன் கிடைப்பதில்லை. ஏன் என்ற கேள்விக்குப் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் உழைத்து விடை தேடினார்கள். ஆன் கிளிபான்ஸ்கி, கேரன் மில்லர், மதுஸ்மிதா மிஸ்ரா ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். குழந்தைகளுக்கான நாளமில்லாச் சுரப்பி மருத்துவரான மிஸ்ராவின் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. அதை விளங்கிக்கொள்ள முதலில் உடலுக்குள் நடப்பதைப் பார்த்துவிடலாம்.

சாப்பாடு குறைந்து கொழுப்பு கரையும்போது, கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டினும் குறைகிறது. மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் இதைப் பட்டினிக்காலம் என்று எடுத்துக்கொண்டு, பிட்யூட்டரி சுரப்பிக்கு விட்டுவிட்டு அனுப்பும் ஹார்மோன் துடிப்புகளைக் குறைத்துவிடுகிறது. சினைப்பை ஓய்கிறது, ஈஸ்ட்ரோஜன் சரிகிறது, மாதவிடாய் நிற்கிறது. எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன்தான். இதுவரை பலருக்கும் தெரிந்த கதை.

தெரியாமல் போகும் பாதி இனிமேல் வருகிறது. பட்டினியில் வளர்ச்சி ஹார்மோன் கூடுகிறது, ஆனால் கல்லீரல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. அதனால் கல்லீரலிலிருந்து வரவேண்டிய ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி குறைந்துபோகிறது. எலும்பைக் கட்டும் செல்களுக்கு அதுதான் முக்கியமான தூண்டுதல். போதாததற்கு, நெருக்கடியில் சுரக்கும் கார்டிசால் ஹார்மோன் வேறு ஏறி நிற்கிறது. உடம்பெல்லாம் கொழுப்பு வற்றியிருக்கும்போது எலும்பு மஜ்ஜைக்குள் மட்டும் கொழுப்பு கூடுகிறது என்பது இந்த நோயின் விசித்திரங்களில் ஒன்று. வளர்ந்த பெண்களில் எலும்பு கரைவது கூடிக் கட்டுவது குறைகிறது. பதின்பருவத்தில் இரண்டுமே மந்தமாகிவிடுகின்றன. பெரும்பகுதி எலும்பு சேரவேண்டிய வயதில் சேமிப்பே நின்றுபோகிறது. அதனால்தான் 14 வயதில் வரும் அனோரெக்சியாவை 30 வயதில் வருவதைவிட அதிக அவசரத்தோடு பார்க்க வேண்டும் என்கிறேன். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், அனோரெக்சியா உள்ள பதின்பருவப் பெண்களில் 31 சதவீதம் பேர் எலும்பு முறிவைச் சந்தித்திருந்தார்கள். நோயில்லாத பெண்களில் அது 19.4 சதவீதம்.

ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் போதாதா? 1995இல் கிளிபான்ஸ்கியின் குழு 48 பெண்களிடம் இதைச் சோதித்தது. மொத்தத்தில் மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் எலும்பு அடர்த்தியில் பெரிய வேறுபாடு இல்லை. மிக மிகக் குறைந்த எடையில் இருந்தவர்களுக்கு மட்டும் ஓரளவு பயன் தெரிந்தது. பிறகு கருத்தடை மாத்திரையை வைத்துப் பதின்பருவத்தினரிடம் நடந்த ஆய்வுகளும் ஏமாற்றத்தையே தந்தன.

சிக்கல் பாதையில் இருக்கிறது. வாய்வழி விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே அது ஐ.ஜி.எஃப்-1 சுரப்பை அடக்குகிறது. கருத்தடை மாத்திரைகளில் உள்ள எத்தினைல் எஸ்ட்ரடையால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் கல்லீரலை இன்னும் வலுவாகத் தாக்கும் வகை. ஏற்கெனவே குறைந்து கிடக்கும் ஐ.ஜி.எஃப்-1 மேலும் இறங்குகிறது. கரைவதைத் தடுக்கும் மருந்தே கட்டுவதையும் தடுத்துவிடுகிறது. தோலில் ஒட்டும் பேட்ச் வழியாக ஈஸ்ட்ரோஜன் நேரே ரத்தத்தில் கலந்தால், கல்லீரல் இந்தப் பெரும் அளவை ஒரேயடியாகச் சந்திப்பதில்லை.

2011 ஆய்வு இந்த எண்ணத்தைத்தான் சோதித்தது. 12 முதல் 18 வயதுக்குட்பட்ட, அனோரெக்சியா உள்ள 110 பெண்களும், ஒப்பீட்டுக்கு இயல்பான எடையுள்ள 40 பெண்களும் இதில் சேர்ந்தார்கள். காலம் 18 மாதங்கள். மருந்தை முடிவுசெய்தது பிறந்தநாள் கணக்கல்ல, எலும்பு வயது, அதாவது எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு முதிர்ச்சி. எலும்பு வயது 15 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கு 100 மைக்ரோகிராம் 17-பீட்டா எஸ்ட்ரடையால் (உடலில் இயற்கையாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன்) பேட்ச், வாரம் இருமுறை மாற்றவேண்டும். கூடவே மாதத்தில் 10 நாட்கள் 2.5 மில்லிகிராம் மெட்ராக்சிப்ரோஜெஸ்டிரோன் என்ற புரோஜெஸ்டின் வகை ஹார்மோன் மருந்து. எலும்பு வயது 15க்குக் கீழே இருந்தவர்களுக்கு மிகச் சிறிய அளவில் வாய்வழி எத்தினைல் எஸ்ட்ரடையால்: முதல் ஆறு மாதம் தினம் 3.75 மைக்ரோகிராம், அடுத்த ஆறு மாதம் 7.5, கடைசி ஆறு மாதம் 11.25.

சின்னப் பெண்களுக்கு ஏன் இந்தத் தனி ஏற்பாடு? ஈஸ்ட்ரோஜன் எலும்பின் வளர்ச்சித் தட்டுகளை மூடிவிடும். முழு அளவையும் முதலிலேயே கொடுத்தால் உயரம் பாதியில் நின்றுவிடும். பருவமடையும்போது உடல் தானே ஏற்றிக்கொண்டு போகும் அளவை ஒட்டி மருந்தும் ஏறியது. இவ்வளவு குறைந்த அளவு வாய்வழியே போனாலும் ஐ.ஜி.எஃப்-1ஐ அடக்குவதில்லை.

பலன் தெளிவாக வந்தது. ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களின் முதுகெலும்பிலும் இடுப்பிலும் அடர்த்தி கூடியது, ஒப்பீட்டுக்காக மருந்தில்லாப் போலிப் பேட்ச்சோ மாத்திரையோ பெற்ற அனோரெக்சியா பெண்களுக்குக் கூடவில்லை. ஆனால் பழைய பற்றாக்குறை முழுவதும் நிரம்பவில்லை. ஐ.ஜி.எஃப்-1, கார்டிசால், எடை எல்லாம் இன்னும் சரியாகாமல் இருக்கையில் ஒரு ஹார்மோனை மட்டும் திருப்பிக் கொடுத்தால் அவ்வளவுதான் எதிர்பார்க்க முடியும்.

ஆகவே முதல் மருந்து சாப்பாடும் எடையும்தான். மில்லரின் குழு 2006இல் வெளியிட்ட கணக்கு இதைச் சொல்கிறது: எடையும் கூடாமல் மாதவிடாயும் திரும்பாமல் இருந்தவர்களின் முதுகெலும்பு அடர்த்தி ஆண்டுக்கு 2.6 சதவீதம் குறைந்தது. மாதவிடாய் தானாகத் திரும்பியவர்களுக்கு ஆண்டுக்கு 3.1 சதவீதம் கூடியது. இங்கே ‘தானாக’ என்பது முக்கியம். மாத்திரையால் வரும் உதிரப்போக்கு, உடல் தேறியதா என்று காட்டும் அடையாளத்தையே மறைத்துவிடுகிறது. அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டியின் 2017 வழிகாட்டுதலும் எலும்புக்காகவோ மாதவிடாயை வரவழைக்க மட்டுமோ கருத்தடை மாத்திரை தரவேண்டாம் என்கிறது. உணவு, மனநல சிகிச்சை, உடற்பயிற்சி மாற்றம் ஆகியவற்றை 6 முதல் 12 மாதங்கள் முயன்றும் மாதவிடாய் திரும்பாவிட்டால், குறுகிய காலத்துக்குப் பேட்ச்சும் சுழற்சி முறையில் புரோஜெஸ்டினும் தரலாம் என்பது அதன் பரிந்துரை. மிகவும் மெலிந்தவருக்கு உணவைக் கூட்டுவதும் மருத்துவக் கண்காணிப்பில்தான் நடக்கவேண்டும். முதல் நாட்களில் ரத்தத்தில் ஃபாஸ்பேட் சரிந்தால் உயிருக்கே ஆபத்து.

பேட்ச் பயன்படுத்துவதில் சறுக்கும் இடங்கள் சில உண்டு. எண்ணெயோ கிரீமோ தடவிய தோலில் ஓரம் பிரிந்துவிடும், மருந்தும் குறைவாகவே போகும். அடிவயிறு அல்லது பிட்டத்தில், ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி ஒட்டவேண்டும், மார்பகத்தில் ஒட்டக் கூடாது. புரோஜெஸ்டினை விட்டுவிட்டால் கருப்பை உட்சுவர் தடித்துக்கொண்டே போகும், அதனால் அதைத் தவறவிடக் கூடாது. இந்தப் பேட்ச் கருத்தடைக்கு உதவாது. ரத்தக்கட்டு வரலாறு, கல்லீரல் நோய், பார்வை மின்னலோடு வரும் ஒற்றைத் தலைவலி இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மாதவிடாய் ஆறு மாதம் வராமல் இருந்தால் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுப்பது நல்லது. அறிக்கையில் பார்க்கவேண்டியது இசட் ஸ்கோர், அதாவது அதே வயதினரோடு ஒப்பீடு. டி ஸ்கோர் வயதாகி மாதவிடாய் முற்றிலும் நின்றவர்களுக்கானது, அதை இளம்பெண்ணுக்குப் பொருத்திப் பார்ப்பது தவறு. இசட் ஸ்கோர் மைனஸ் 2 அல்லது அதற்குக் கீழே என்றால் வயதுக்குரிய அளவைவிடக் குறைவு. வளரும் வயதில் முதுகெலும்பையும், தலையைத் தவிர்த்த முழு உடலையும் அளப்பார்கள். குள்ளமான பெண்ணுக்கு உயரத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் எலும்பு உள்ளதைவிட மோசமாகத் தெரியும். மறு ஸ்கேனை அதே கருவியில், குறைந்தது 6 முதல் 12 மாதங்கள் கழித்து எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

கால்சியமும் வைட்டமின் டியும் தேவைதான். 9 முதல் 18 வயதுவரை தினம் 1300 மில்லிகிராம் கால்சியம், 600 யூனிட் வைட்டமின் டி என்பது அமெரிக்க அளவு. ஆனால் இவை மட்டுமே இழப்பை நிறுத்தாது. எலும்பு கரைவதைத் தடுக்கும் பிஸ்பாஸ்போனேட் மருந்துகளில் எனக்குத் தயக்கம் அதிகம். அவை எலும்பில் ஆண்டுக்கணக்கில் தங்கும், பின்னாளில் கருவுறும்போது என்ன ஆகும் என்ற கவலை உண்டு. மேலே சொன்ன 2017 வழிகாட்டுதலும் இவர்களுக்கு அவற்றைப் பரிந்துரைப்பதில்லை.

பையன்களுக்கும் இந்த நோய் வருகிறது. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் இறங்குகிறது, இடுப்பிலும் முதுகிலும் எலும்பு மெலிகிறது. மாதவிடாய் நிற்பதுபோல வெளியே தெரியும் எச்சரிக்கை அவர்களிடம் இல்லாததால், வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிடுகிறது. பையனின் எடைக்கோடு வளர்ச்சி அட்டவணையில் சரிந்து, சாப்பாட்டில் பிடிவாதமும் ஓயாத ஓட்டமும் சேர்ந்து தெரிந்தால், காலை நேரத்து டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனையையும் டெக்ஸாவையும் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.