பூவோடு காயையும் படமெடுங்கள்

இங்கிலாந்தின் சாலையோரப் புல்வெளிகளில் ஜெரேனியம் மோலே, ஜெரேனியம் புசில்லம் என்ற இரண்டு காட்டுப் பூச்செடிகளையும் பிரித்தறிவது எனக்கு அலுக்காத வேலை. வட்ட இலை, நுனி பிளந்த இளஞ்சிவப்பு இதழ்; தூரத்தில் வித்தியாசமே தெரியாது. தண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மோலேயில் நீண்ட மென்மயிர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். புசில்லத்தில் எல்லாமே குட்டை. மோலேயின் 10 மகரந்தத்தாள்களிலும் மகரந்தப்பை உண்டு, புசில்லத்தில் 5இல் மட்டும்தான். ஆனால் மகரந்தப்பைகள் சீக்கிரம் உதிர்ந்துவிடும். எனவே நான் பெரிதும் நம்புவது காயைத்தான். கொக்கின் அலகு போன்ற அந்தக் காயின் அடியில் விதை உறைகள் இருக்கும். மோலேயில் அவை மயிரின்றி, சுருக்க வரிகளோடு இருக்கும். புசில்லத்தில் வரி கிடையாது, மயிர் உண்டு. கைலென்ஸ் ஒன்று போதும். பெயர் கேட்டுப் படம் அனுப்பும் நண்பர்களே, தயவுசெய்து ஒரு காயையும் சேர்த்து எடுங்கள். வெறும் பூவைப் பார்த்துப் பெயர் சூட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை.